வாசம் வராத கோப்பி

எனக்கு அடுப்பு மூட்ட வராது. இந்த வயதில் இதைச் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இப்போது கேஸ் அடுப்பில் குமிழைத் திருகினால் நீலமாகப் பற்றிக்கொள்கிறது, என் சாமர்த்தியம் யாருக்கும் தெரிவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரப்பர் தோட்டத்து லயத்தில், அப்படி ஒளிந்துகொள்ள வழி கிடையாது. நான் ஊதாங்குழலைக் கையில் எடுத்தால் முதலில் புகை வரும், பிறகு என் கண்ணீர் வரும், அதற்கும் பிறகு, அதற்கு மனமிருந்தால், நெருப்பு வரும்.

நான் வளர்ந்தது ஈப்போவில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா ஒரு சட்டைக்கார அம்மாள் வீட்டில் ஆயாவாக இருந்தாள். அந்த அம்மாள் டச்சுக் கலப்பு, சுமத்திராவிலிருந்து வந்து குடியேறியவள். அங்கே டச்சுக்காரர் வீடுகளில் கோப்பியைக் கொதிக்க விடுவதில்லையாம். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துக் கெட்டியாகச் சாறு இறக்கிக் குப்பியில் அடைத்துக்கொள்வார்களாம். வேண்டும்போது கொஞ்சம் ஊற்றி, தண்ணீரோ பாலோ கலந்தால் கோப்பி. அம்மா அந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். எனவே எனக்குக் கோப்பி என்றாலே ஜாடியில் ஊறுவதுதான். கொதிக்கிற கோப்பியை நான் கடைகளில்தான் பார்த்தேன்.

என் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு அப்பா என்னை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பத்து காஜா டவுனைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட் அடிக்கிற ஸ்டோரில் என்ஜின் பார்க்கிறவருக்குக் கட்டி வைத்தார். நல்ல மனுஷர். எதைக் கொடுத்தாலும் "தேவலை" என்று சொல்லிச் சாப்பிடுகிறவர். கருகிய சோற்றுக்கும் அதே தேவலை, கல்யாணச் சோற்றுக்கும் அதே தேவலை. அவரை வைத்து நான் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கவே முடியாது.

அடுத்த வருஷமே நான் வாயும் வயிறுமாக ஆனேன். தலைச்சன் பிள்ளைக்குத் தாய்வீடு போக வேண்டும். எனக்குப் போக வீடு இருந்தது, அதில் தாய் இல்லை. தோட்டத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அது என் பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திப் பல மாதமாகியிருந்தது. காரணம் என் கோப்பி.

இதைப் புரிந்துகொள்ள லயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான ஒரே தகரக் கூரை. அதன் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு பலகைச் சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேலே எல்லாம் பொது. பக்கத்து வீட்டு இருமல், சண்டை, தாலாட்டு, கருவாடு பொரிக்கிற மணம் எல்லாம் சுவர் ஏறிக் குதித்து நம் வீட்டுக்கு வந்துவிடும். முன்பக்கம் அஞ்சடி என்று சொல்லும் நடை. அங்கேதான் அவரவர் அடுப்பு.

காலையில் என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் முன்னால் போய் என்ஜினைக் கிளப்ப வேண்டும். நான் அடுப்பு மூட்டி அவருக்குக் கோப்பி கொடுப்பதென்றால் அன்றைக்கு ஸ்டோரில் ஷீட் அடித்த மாதிரிதான். விறகு வேறு ரப்பர் விறகு. காய்ந்தால் நன்றாக எரியும், ஈரம் பட்டால் சீறிச் சீறி நுரை கக்கும், எரியாது. ஆகவே வந்த மாதமே நான் அம்மாவின் ஜாடியை எடுத்து வைத்துவிட்டேன்.

கொட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அந்தத் தோட்டம் ரப்பருக்கு முன்னால் கோப்பித் தோட்டமாக இருந்தது. பழைய செடிகள் சில ஓடைக்கரையில் வெட்டுப்படாமல் தப்பி, மரமாக வளர்ந்து நின்றன. அது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு அக்காவின் மாமனார் சொன்னார். அவர் கோப்பிக் காலத்திலேயே கப்பலேறி வந்து அந்தச் செடிகளை நட்ட கூட்டத்தில் ஒருவர். கிழவருக்குக் கள்தான் பிடிக்கும், கோப்பியில் ஆசை கிடையாது. "ஓடப்பக்கம் போனா காய் கொட்டிக் கெடக்கும் ஆயி, பறிச்சிக்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் போய்ச் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்து வருவோம். தோலை நீக்கிக் காயப்போட்டு, உமியைக் குத்திப் புடைத்து எடுத்தால் பெரிய பெரிய கொட்டை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ஆசையுள்ளவர்கள் செய்து பார்க்கலாம். கொட்டையைக் கருக விடாமல் வறுக்க வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர்தான் அடுப்பு மூட்டித் தருவார். ஆறியதும் உரலில் இடிக்க வேண்டும், மாவாக இல்லை, ரவையை விடப் பெரிய குருணையாக. மாவாக்கினால் துணியில் இறங்காது, இறங்கினாலும் சாற்றில் சேறு நிற்கும். ஒரு பங்கு குருணைக்கு நாலு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் கொதித்து நன்றாக ஆறியதாக இருக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கோப்பியோடு பேதியும் வரும். ஜாடியில் குருணையைப் போட்டுத் தண்ணீரை மெல்ல ஊற்றி, மரக்கரண்டியால் எல்லாம் நனைகிற மாதிரி ஒரு தடவை அமுக்கிவிட்டு, வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. சாயங்காலம் ஊறப்போட்டால் மறுநாள் காலையில் வடிக்கலாம். சீனர் கோப்பிக் கடையில் வைத்திருப்பார்களே, கம்பி வளையத்தில் தைத்த துணிப்பை, அதில் ஒன்றை ஈப்போவிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அதில் ஊற்றித் தொங்கவிட்டு விட வேண்டும். பிழியக் கூடாது. அவசரக்காரர்கள் பிழிவார்கள், அத்தனை கசப்பும் இறங்கிவிடும். தானாகச் சொட்டி முடியட்டும். குப்பியில் அடைத்து ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாமல் நிற்கும்.

காலையில் குவளையில் இரண்டு விரல்கடை ஊற்றி, பானைத் தண்ணீர் கலந்து, சீனி போட்டு, டின்பால் இருந்தால் ஒரு கரண்டி விட்டுக் கலக்கிக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் நின்றபடியே குடித்துவிட்டு "தேவலை" என்று சொல்லிப் போய்விடுவார். நான் உட்கார்ந்து என் பங்கைக் குடிப்பேன். கசப்பு அடங்கி, நாக்கில் கொஞ்சம் பழ வாசனையோடு இறங்கும். அம்மா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். அவளுக்கு நான் எத்தனையோ நன்றி சொல்ல வேண்டும், இதையும் சேர்த்து.

இதில் யாருக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டில் கோப்பி கொதித்தாலும் வாசம் சுவர் தாண்டிப் போகும். வாசம் போன வீட்டுக்கு, அதன் பின்னாலேயே ஒரு குவளை கோப்பியும் போக வேண்டும். இடப்பக்கம் ஒரு வாய், வலப்பக்கம் ஒரு வாய். இல்லாதவன் வீட்டிலும் வாசம் மட்டும் நுழைந்து அவனை இம்சை பண்ணக் கூடாது என்பது கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்த குவளைகளைப் புதுப்பெண்ணுக்குச் செய்கிற உபசாரம் என்று குடித்துவிட்டேன். எல்லாருக்கும் தெரிந்ததை யார் போய்ச் சொல்வார்கள்? என் ஜாடியோ வாயை மூடிக்கொண்டு ஊறுகிற ஜாடி. அதன் வாசம் சுவர் ஏறாது. எனக்கும் கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றவில்லை. அடுப்பு மூட்டத் தெரியாதவள் பச்சைத் தண்ணீரில் செய்த கோப்பி என்று சிரிப்பார்களே என்ற கூச்சமும் இருந்தது.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுக்கிற வாசம் மட்டும் லயத்தையே தூக்கிக்கொண்டு போகும். பிறகு ஒரு மாதத்துக்குக் கொதிக்கிற வாசமும் இல்லை, குவளையும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சில பேரு வீட்டுக் கோப்பிக்கு வாசமே இருக்காதாம். என்னா சாமர்த்தியம்லா!" என்று யாருக்கோ சொல்வாள். யாருக்கோ இல்லை, எனக்குத்தான்.

கடைசியில் சேதி என் வீட்டுக்காரர் மூலம் வந்தது.

"இந்தா, ஒன் கோப்பியப் பத்தி ஸ்டோர்ல பேசிக்கிறானுங்க."

"என்ன பேசுறாங்க?"

"வறுக்கிற வாசம் வருதாம், கொதிக்கிற வாசம் வரலையாம். வறுத்த கொட்டையெல்லாம் எங்க போவுதுன்னு கேக்குறானுங்க. நீ கடைக்கி விக்கிறேன்னு ஒருத்தன் சொல்றான். ஒளிச்சி வச்சிக் குடிக்கிறேன்னு ஒருத்தன் சொல்றான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேவலையா இருக்கும்னேன்."

அவரை என்ன செய்வது? அன்றைக்கே ஒரு குவளை நிறையக் கலந்து, டின்பால் தாராளமாக விட்டு, நானே பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். நாளைக்கு என்னைத் தொட்டுப் பிள்ளையை வெளியே எடுக்கப் போகிறவள் அவள்தான் என்ற பயம் எனக்கு உள்ளே இருந்தது. அதனால்தான் அத்தனை பணிவு. இல்லாவிட்டால் நான் பணிகிற ஆள் இல்லை.

அக்கா குவளையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னாது, ஜில்லுன்னு இருக்கு?"

ஊறப்போட்டு இறக்கிய கதையைச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டுக் குவளையை என் பக்கம் தள்ளினாள்.

"பச்சத்தண்ணியில ஊறினதுக்குக் கோப்பின்னு பேரா? ஒளிச்சிக் குடிச்சது போதாதுன்னு இப்ப கத வேற கட்டுறியா? வயித்துப் புள்ளக்காரி சீதளத்தக் குடிச்சிட்டு நாளைக்கி ஜன்னி வந்து கெடந்தா என்னக் கூப்புடாத, சொல்லிட்டேன்."

எனக்கும் சூடு ஏறிவிட்டது. "கூப்பிட மாட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் குவளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பியை நானே குடித்தேன், அழுதுகொண்டே. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிப் படித்தவள்தான். படித்தது எதுவும் அந்த நேரத்தில் வாய்க்கு வராது.

அதன் பிறகு மாதங்கள் ஓடின. வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். மாட்டு வண்டியில் செம்மண் பாதையில் அரை நாள் பயணம். வலி எடுத்த பிறகு கிளம்பினால் பிள்ளை வண்டியில் பிறக்கும். முன்னாலேயே போய்ப் படுத்தால் வேலையை விட்டு அவர் எப்படிக் கூட இருப்பார்? போகலாம் போகலாம் என்று தள்ளிப் போட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நடமாடுகிற சத்தத்தைக் கேட்டபடி நான் படுத்திருப்பேன். அவள் கைராசி எல்லாருக்கும் தெரியும். அந்த லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். ஒரு பலகை தூரத்தில் இருந்தாள். கூப்பிட மாட்டேன் என்று நான் சொன்னேன், கூப்பிடாதே என்று அவள் சொன்னாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு வாரமாக விடாத மழை. வறுத்த கோப்பிக்கொட்டை ஈரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும் என்று பயந்து இருந்த எல்லாவற்றையும் இடித்து ஒரே நாளில் பெரிய ஜாடி நிறைய ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் வடித்து முடிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டில் ஒப்பாரி கிளம்பியது. அக்காவின் மாமனார், எனக்குக் கோப்பிச் செடிகளைக் காட்டிய கிழவர், தூக்கத்திலேயே போயிருந்தார்.

சாவு விழுந்தால் பிணம் எடுக்கும் வரை அந்தக் கூரைக்குக் கீழே அடுப்பு எரியக் கூடாது. ஊரில் அது ஒரு வீட்டுக் கூரை. லயத்தில் அதே கூரைதான் எல்லா வீட்டுக்கும். கங்காணி வந்து சொல்லிவிட்டார், வரிசை முழுவதும் அடுப்பை அணைத்தார்கள். எதிர் லயத்தில் மூட்டலாம். மூட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரம் மழையில் ஊறிய விறகு புகையைத்தான் கொடுத்தது. கிழவரின் மூத்த மகன் வேறு தோட்டத்திலிருந்து வர வேண்டும். அவன் வரும் வரை காத்திருக்க வேண்டும். சுற்றுத் தோட்டத்து ஜனங்கள் மழையில் நனைந்து வந்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையை நனைக்க எதுவுமில்லை.

வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நான் என் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அத்தனையும் சுவருக்கு மேலே வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஜாடியைக் காட்டினேன். "எடுத்துட்டுப் போங்க. இது அடுப்புல ஏறாதது."

அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு நடந்ததை நான் காதால்தான் பார்த்தேன்.

"என்னப்பா இது?" கங்காணியின் குரல்.

"கோப்பி, கங்காணி. பச்சத்தண்ணியில ஊறினது. அடுப்பு ஏறல."

"கொட்டைய நெருப்புலதானே வறுத்தீங்க?" யாரோ ஒரு பெரியவர்.

"ஆமா. தண்ணியும் கொதிச்சி ஆறினதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். அரிச்சந்திரனுக்குத் தம்பி. நான் இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நெருப்பு பட்டது பட்டதுதான் என்றார் ஒருவர். ஊறும்போது படவில்லையே என்றார் இன்னொருவர். கடைசியில் கங்காணி சொன்னார்: "வறுத்தது, காய்ச்சினது எல்லாம் பெரியவரு உசுரோட இருந்தப்ப எரிஞ்ச நெருப்பு. அது இந்தச் சாவுக்குக் கணக்கு இல்ல. ஊத்துப்பா."

அந்த மனுஷர் என்னென்னவோ தீர்ப்பெல்லாம் சொல்லியிருக்கிறார், பலதும் அநியாயம். இந்த ஒரு தீர்ப்புக்காக அவரை நான் நல்லவர் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

கெட்டிச் சாறு, கலந்தால் நிறைய வரும். தண்ணீரும் சீனியும் கலந்து குவளை குவளையாகக் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண், "நீயும் ஒரு வாய் குடிம்மா, காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்க" என்றாள். அக்காவிடம்தான். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டேன்.

ஒரு பெருமூச்சு. ஒரு உறிஞ்சல்.

"கசக்குது" என்றாள் அக்கா.

கொஞ்சம் கழித்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இனி என்னோடு பேசிவிடுவாள் என்று நம்பினேன். பேசவில்லை. கிழவரை எடுத்தார்கள், மறுநாள் பால் தெளித்தார்கள், லயத்தில் மறுபடி அடுப்புகள் எரிந்தன. ஜாடி கழுவிக் கவிழ்த்து என் வாசலில் வைக்கப்பட்டிருந்தது. வைத்தவளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இதில் எனக்கு இன்னொரு கவலை வந்து சேர்ந்தது. பேச்சு இல்லாதது ஒன்று, தீட்டு இன்னொன்று. பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் சாவு வீட்டுக்காரர்கள் இன்னொரு வீட்டுக்குள் நுழையக் கூடாது. பிரசவ வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கை தலைச்சன் பிள்ளையைத் தொட்டால் பிள்ளை தங்காது என்று நம்பிய காலம். எனக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் கருமாதி முடிந்துவிடும், அப்போது காலில் விழுந்தாவது கூப்பிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பிள்ளை யாரைக் கேட்டு வருகிறது? பால் தெளித்த மறுநாள், வீட்டுக்காரர் ஸ்டோருக்குப் போன பிறகு, அரிசி களைந்துகொண்டிருந்த இடத்தில் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர் லயத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். என்னை விடச் சின்னவள், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவள். ஸ்டோருக்கு ஆள் அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வலி கூடிக்கொண்டே போனது, ஸ்டோருக்குப் போன ஆளைக் காணோம். நான் பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. அலறிவிட்டேன். அப்போது சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள, வலி விட்டு விட்டு வருதா, சேந்தாப்ல வருதா?"

பல மாதத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சேந்தாப்ல வருது அக்கா!"

"சரி, படுக்காத. ஒருக்களிச்சிச் சாஞ்சிக்க. அந்தப் பொண்ண ஒன் முதுகுக்குப் பின்னால ஒக்காரச் சொல்லு. வாயால மூச்ச விடு. நான் சொல்றப்பதான் முக்கணும், ஆமா."

அப்படியே அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குப் பிரசவம் பார்த்தாள். நான் எப்படிக் கத்துகிறேன் என்பதை வைத்தே எது எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கண்டுகொண்டாள். "இப்ப முக்காத, ஊது, ஊது" என்பாள். "இப்ப முக்கு ஆயி, இப்ப முக்கு" என்பாள். அந்தப் பலகையை அவள் கையால் தட்டிக்கொண்டே சொல்வாள், அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு நான் கிடந்தேன். அவள் குரல் இருக்கும் வரை சாக மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

பிறகு, அக்கா சொன்னபடி என் காலடிக்கு நகர்ந்திருந்த சின்னவள் கூவினாள். "தல வந்திருச்சிக்கா! கழுத்துல கொடி சுத்திக் கெடக்கு! புள்ள நீலமா இருக்குக்கா!"

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டல் நின்றது.

அடுத்தது தண்ணீர் சத்தம். குடத்தோடு தலையில் கவிழ்த்துக்கொள்கிற சத்தம். கிழவரின் மூத்த மகன் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தான். "எங்க போற? கருமாதி முடியல! ஒனக்குப் பைத்தியமா?" என்று கத்தினான். என் வாசல் இருண்டது. உடம்போடு ஒட்டிய ஈரச் சேலையும் சொட்டுகிற கூந்தலுமாக அக்கா உள்ளே வந்தாள். சின்னவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு என் காலடியில் உட்கார்ந்தாள்.

"முக்காத. அசையாத."

கொடியை விரலால் நெகிழ்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றினாள். "இப்ப முக்கு!" என்றாள். பிள்ளை அவள் கையில் வந்து விழுந்தது. அழவில்லை. அக்கா விரலை வாயில் விட்டுச் சளியை எடுத்தாள், குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்தாள், பாதத்தில் சுண்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவள் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் திடீரென்று தளர்ந்தது. அதற்கப்புறம்தான் அழுகை என் காதில் விழுந்தது.

"பொட்டப்புள்ள" என்றாள் அக்கா. "தொண்ட ஒன்ன மாதிரியே."

மூத்தவன் வாசலுக்கு வெளியே மழையில் நின்று இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அவனோடு வேறு சிலரும் சேர்ந்திருந்தார்கள். தலைச்சன் பிள்ளையை எழவு வீட்டுக் கை தொட்டுவிட்டது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். அக்கா பிள்ளையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"தீட்டு எனக்கு. பாவம்னா அதுவும் எனக்கு. புள்ள அவளுக்கு. போங்க எல்லாம்."

போய்விட்டார்கள். நான் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கி அந்தக் கோப்பி..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு அது கோப்பியால் கிடைத்த மன்னிப்பு என்று நினைப்பு.

"ஒன் கோப்பிக்கா வந்தேன்னு நெனக்கிறியா? அது ஒரே கசப்பு" என்றாள் அக்கா. "சத்தம் கேட்டுச்சி, வந்தேன். பேசாமக் கெட."

சின்னவள் வெந்நீர் கொண்டுவந்தாள். எனக்கு அப்படி ஒரு தாகம். அக்கா அவளிடமிருந்து குவளையை வாங்கி, என் தலையைத் தூக்கிப் பிடித்து, என் உதட்டுக்குக் கொண்டுவந்தாள். உதட்டில் படுகிற நேரத்தில் அவளுக்குத் தீட்டு நினைவு வந்துவிட்டது. கை பின்னால் போனது. "இந்தா, நீ குடு" என்று குவளையைச் சின்னவளிடம் நீட்டினாள். அத்தனை பேரை அதட்டி அனுப்பியவள், அந்த ஒரு கணத்தில் தன் கையையே பார்த்து ஒடுங்கிப்போனாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் கையாலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அக்கா குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பும் ஈரம்தான். துடைத்து என்ன பயன்?

லயத்தில் ரொம்ப நாள் பேசினார்கள். பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தால் போதும், அன்றைய கதையை எடுப்பார்கள். என் மகள் எல்லாச் சளியையும் தாண்டி வந்துவிட்டாள். இன்றைக்கு அவளே பாட்டி. யாராவது அவள் பிறந்த நேரம், நட்சத்திரம் என்று கேட்டால் நான் அதையெல்லாம் அப்புறம்தான் சொல்வேன். முதலில், தீட்டுக் கையில் பிறந்தவள் என்று சொல்வேன். அதைச் சொல்வதில் எனக்கு அத்தனை பெருமை.